மறுபடியும் ஆபரேஷனா? பதறாமல் முடிவெடுங்கள்!

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, ரயில்வே ஜங்ஷன்... அடுத்தபடியாகப் பீங்கான்! அங்கே செராமிக் யூனிட்டில் வேலை பார்க்கிற எவரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் கோணலாக இருந்தால் கவலையில்லை. கரைத்து மறுபடியும் வார்த்துவிடலாம். சூளைக்குள் போய் வந்த பிறகு கோணல் தெரிந்தால்? அவ்வளவுதான். ‘சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது’ என்று நம் பாட்டிமார்கள் சொன்னதும் இதைத்தானே!

சரி, வயிற்றுக்குள் செய்த ஓர் ஆபரேஷன் நினைத்தபடி வராமல் போனால்? குடல் பச்சை மண்ணா, சுட்ட மண்ணா?

இரண்டுக்கும் நடுவே என்பதுதான் உண்மை. திரும்பவும் செய்யலாம். ஆனால் உடனே செய்யக் கூடாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யவும் முடியாது. அதனால்தான் ‘ஜே-பவுச்’ ஆபரேஷன் செய்துகொண்டு, அதில் சிக்கல் வந்து, ‘மறுபடியும் செய்யலாமா?’ என்று தவித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில் இப்படி யாரும் இல்லையென்றாலும் படித்து வையுங்கள். எந்தப் பெரிய ஆபரேஷனையும் இரண்டாவது தடவை செய்துகொள்ள நேரும்போது இதே கேள்விகள்தான் வரும்!

அது என்ன ஜே-பவுச்?

பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண்ணாகி, ரத்தமும் சளியுமாக மலம் போகும் வியாதிக்கு ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’ என்று பெயர். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேயை இரண்டு முறை, 2007-லும் 2020-லும், பதவியை விட்டு இறங்கவைத்தது இந்த வியாதிதான். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை மருந்திலேயே இது கட்டுப்பட்டுவிடும். கட்டுப்படாதவர்களுக்கும், புற்றுநோயாக மாறும் அறிகுறி தென்படுகிறவர்களுக்கும் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட வேண்டிய நிலை வரும். பரம்பரையாகக் குடலுக்குள் நூற்றுக்கணக்கில் ‘பாலிப்’ முளைக்கும் இன்னொரு வியாதிக்கும் இதே வைத்தியம்தான்.

‘ஐயோ, எடுத்துவிட்டால் மலம் எப்படிப் போகும்?’

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் ஒரே வழிதான் இருந்தது. சிறுகுடலின் முனையை வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் பை ஒட்டிவிடுவார்கள். 1978-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கோல்ஸ் என்ற இரு டாக்டர்கள் வேறொரு வழி காட்டினார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியையே மடித்துத் தைத்து ஒரு பையாக்கி, அதை ஆசனவாயோடு இணைத்துவிட்டார்கள். அவர்கள் மூன்று மடிப்பாகச் செய்தார்கள். 1980-ல் ஜப்பானின் ஜோஜி உட்சுனோமியா அதை இரண்டே மடிப்பாக எளிதாக்கினார். மடித்த வடிவம் ஆங்கில எழுத்து ‘ஜே’ போல இருந்ததால் அதுவே பெயராகிவிட்டது.

இரண்டு மடிப்பும் ஒவ்வொன்றும் 15-லிருந்து 20 சென்டிமீட்டர் நீளம். ஆக, ஒரு பை செய்ய 30-லிருந்து 40 சென்டிமீட்டர் சிறுகுடல் செலவாகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே இருப்பதும் பை, வெளியே ஒட்டுவதும் பை என்றால் குழப்பம் வரும். அதனால் இந்தக் கட்டுரையில் ஜே-பவுச்சை ‘உள்பை’ என்றும், வயிற்றின் மேல் ஒட்டுவதை ‘வெளிப்பை’ என்றும் சொல்கிறேன்.

நம் சென்னையிலும் இந்தத் துறை சளைத்ததில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல் அறுவைக்கென்றே தனித்துறை வளரக் காரணமாக இருந்தவர் பேராசிரியர் என்.ரங்கபாஷ்யம். 2002-ல் பத்மபூஷண் பெற்றவர். இன்றைக்கு சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களிலும் குடல் அறுவைக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

எங்கே சிக்கல் வருகிறது?

உள்பை வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். பகலில் ஐந்தாறு தடவை, ராத்திரி ஒரு தடவை டாய்லெட் போவார்கள். மற்றபடி வேலை, கல்யாணம், குழந்தை குட்டி எல்லாம் உண்டு. சிலருக்கு மட்டும் தகராறு செய்யும். அந்தத் தகராறு ஒரே மாதிரியானதல்ல. இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். முடிவு முழுக்க இதில்தான் இருக்கிறது.

பை வீக்கம்: ‘பவுச்சைட்டிஸ்’ என்பார்கள். உள்பை வைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எப்போதாவது ஒரு தடவையாவது வரும். அடிக்கடி போவது, அவசரம், வயிற்றுவலி, லேசான காய்ச்சல். இதற்குக் கத்தியே வேண்டாம். பெரும்பாலும் இரண்டு வார ஆன்டிபயாடிக்கில் அடங்கிவிடும்.

தையல் கசிவு: உள்பையை ஆசனவாயோடு இணைத்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. அங்கிருந்து கசிந்து இடுப்புக் கூட்டுக்குள் சீழ் கட்டும். மாதக்கணக்கில் ஆறாமல் ஒரு பொந்தாகவே நின்றுவிடுவதும் உண்டு. மறு ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் இந்த ரகம்தான்.

தப்பான பாதை: உள்பையிலிருந்து தோலுக்கோ, பெண்களுக்கு யோனிக்கோ ஒரு குறுக்குப் பாதை உண்டாகிவிடும். ‘ஃபிஸ்டுலா’ என்று டாக்டர் சொல்வது இதைத்தான். வெட்கப்பட்டுக்கொண்டு பெண்கள் மாதக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள்.

அடைப்பு, முறுக்கல்: இணைத்த இடம் சுருங்கிப்போகலாம், உள்பை முறுக்கிக்கொள்ளலாம். முக்கி முக்கிப் போனாலும் முழுசாகக் காலியாகாது. சில சமயம் முதல் ஆபரேஷனில் மலக்குடலைக் கொஞ்சம் அதிகமாக விட்டுவைத்திருப்பார்கள். அந்த மிச்சத்தில் பழைய புண் திரும்ப வரும்.

வியாதியே வேறு: கோலைட்டிஸ் என்று நினைத்தது உண்மையில் ‘க்ரோன்ஸ்’ என்ற இன்னொரு குடல் வியாதி என்று பிற்பாடு தெரியவரும். க்ரோன்ஸ் என்றால் மறு ஆபரேஷனிலும் பலன் குறைவு. நம் நாட்டில் இன்னொரு வம்பு, குடலில் வரும் டி.பி.யும் பார்க்க க்ரோன்ஸ் மாதிரியே இருக்கும். அதையும் பரிசோதித்து விலக்க வேண்டும்.

பார்த்தீர்களா? ‘பவுச் கெட்டுப்போச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மாத்திரையில் தீர்வதும் இருக்கிறது. பெரிய ஆபரேஷன் கேட்பதும் இருக்கிறது.

முதலில் காரணம்... பிறகு கத்தி!

அதனால், மறு ஆபரேஷன் என்ற பேச்சு வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எப்போ பண்ணலாம்?’ என்பதல்ல. ‘முதல் தடவை ஏன் சரியா வரல?’ என்பதுதான்.

இதற்கு டாக்டர்கள் சில பரிசோதனைகள் செய்வார்கள். உள்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்து சதைத் துணுக்கு எடுப்பது ஒன்று. மருந்து நீரை உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது இன்னொன்று. கசிவோ சுருக்கமோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். இடுப்புக்கூட்டின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சீழ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டும். சில சமயம் மயக்க மருந்து கொடுத்து ஆசனவாய்ப் பகுதியை நேரிலேயே ஆராய்வார்கள். மலத்தை அடக்கும் தசையின் பலத்தையும் அளந்து பார்க்க வேண்டும். தசை பலவீனமாக இருந்தால், எவ்வளவு அழகாகப் பை தைத்தாலும் கசிந்துகொண்டுதான் இருக்கும்.

உங்கள் வேலையும் ஒன்று இருக்கிறது. பழைய காகிதங்கள்! முதல் ஆபரேஷனின் முழுக் குறிப்பு, எடுத்த பெருங்குடலின் பயாப்ஸி ரிப்போர்ட், எல்லா ஸ்கேன் பிலிம்களும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் இருக்கட்டும். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் நகல் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை. புதிய டாக்டருக்கு அந்தக் குறிப்புதான் வரைபடம். வீடு இடித்துக் கட்டுகிற மேஸ்திரிகூட பழைய கடைக்கால் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாரே!

மூன்று வழிகள், மூன்றுமே கௌரவமானவை

காரணம் தெரிந்த பிறகு உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கும்.

முதல் வழி, ஆபரேஷன் இல்லாமல் சமாளிப்பது. மருந்து, சுருங்கிய இடத்தை விரித்துவிடுவது, சீழை வடிப்பது என்று சின்னச் சின்ன வைத்தியம். வாழ்க்கை ஓரளவு ஓடிக்கொண்டிருந்தால் இதுவே போதும்.

இரண்டாவது, மறு ஆபரேஷன். பழைய உள்பையை இடுப்புக்கூட்டிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்து, சீழையும் தடித்துப்போன சதையையும் சுத்தம் செய்து, முடிந்தால் அதே பையைச் சரிபார்த்துப் பொருத்துவார்கள். முடியாவிட்டால் புதுப் பை. அப்போது மறுபடியும் 30, 40 சென்டிமீட்டர் குடல் செலவு! முன்னால் சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் குடல் குறையும்; குறையக் குறைய உடம்பில் நீரும் உப்பும் சத்தும் நிற்பது சிரமமாகும்.

மூன்றாவது, நிரந்தர வெளிப்பை. உள்பைக்கு விடை கொடுத்துவிட்டு, வயிற்றில் ஒட்டும் பையோடு வாழ்வது.

இந்த மூன்றாவதைச் சொன்னதும் வீட்டில் ஒப்பாரியே வைத்துவிடுகிறார்கள். ‘அது எல்லாம் முடியாமப் போனவங்களுக்குத்தானே?’ என்கிறார்கள். இல்லவே இல்லை! வெளிப்பையோடு வேலைக்குப் போகிறவர்கள், நீச்சலடிப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். மும்பையிலுள்ள ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா இப்படிப்பட்டவர்களுக்காகவே இயங்கும் அமைப்பு. ராத்திரி பத்து தடவை எழுந்து, எந்நேரமும் டாய்லெட்டைத் தேடிக்கொண்டு, சீழும் காய்ச்சலுமாக இருப்பதைவிட அது எவ்வளவோ நிம்மதி என்று சொல்கிறவர்கள் உண்டு.

அப்படியானால் மறு ஆபரேஷனில் பலனே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ஃபெசா ரெம்சி குழுவினர் இப்படி மறு ஆபரேஷன் செய்துகொண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை 2015-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்குப் பை நிலைத்தது. ஐந்தில் ஒருவருக்குத் தோற்றது. ஆனால் ஒன்று, அது இந்த ஒரே வேலையைப் பல வருடங்களாகச் செய்துவரும் இடம். அந்த எண்ணிக்கையை எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொருத்திப் பார்க்க முடியாது. முதல் ஆபரேஷனைவிட மறு ஆபரேஷன் ரொம்பக் கஷ்டமானது. அனுபவம்தான் இங்கே மூலதனம்.

உதாரணத்துக்கு இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட் சூபர்வைசர், வயது ஐம்பது. தையல் கசிந்து மூன்று வருடமாகச் சீழ். தசை பலவீனம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். ‘எனக்கு வேலைக்குப் போகணும், திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரில படுக்க முடியாது’ என்று நிரந்தர வெளிப்பையைத் தேர்ந்தெடுக்கிறார். இன்னொருவர் இருபத்தாறு வயதுப் பெண். அதே கசிவு. தசை நல்ல பலம். உடம்பு தேறியிருக்கிறது. ‘ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை, ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்துடறேன்’ என்கிறார். யார் செய்தது சரி? இரண்டு பேரும்தான்! வியாதி ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை ஒன்றல்லவே.

கேள்விச் சீட்டு

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி கேள்விகள் மறந்துபோகும். இதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் பதிலைக் குறித்துக்கொள்ளட்டும்.

1. முதல் ஆபரேஷன் தோற்றதற்கு உறுதியான காரணம் என்ன?
2. க்ரோன்ஸ், டி.பி. இரண்டும் இல்லை என்று பார்த்தாகிவிட்டதா?
3. நீங்கள் இதுவரை எத்தனை மறு ஆபரேஷன்கள் செய்திருக்கிறீர்கள்? முடிவு எப்படி?
4. பழைய பையையே சரிசெய்ய முடியுமா, புதுசா? எவ்வளவு குடல் மிஞ்சும்?
5. உள்ளே திறந்து பார்த்த பிறகு முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?
6. தாம்பத்தியத்துக்கோ, குழந்தை பிறப்புக்கோ பாதிப்பு வருமா?
7. மொத்தம் எத்தனை கட்டம், எத்தனை மாதம், எவ்வளவு செலவு?
8. செய்துகொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும்?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மயக்கம் தெளிந்து எழுந்ததும் நிரந்தர வெளிப்பை இருப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைவதைவிட, முன்கூட்டியே பேசிச் சம்மதித்து வைப்பது நல்லது.

ஆறாவது கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். இடுப்புக்கூட்டுக்குள் செல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் ஆண்களுக்கு விறைப்பில் பிரச்னை வரலாம். பெண்களுக்கு இடுப்புக்குள் சதை ஒட்டிக்கொள்வதால் இயற்கையாகக் கருத்தரிப்பது தாமதமாகலாம். சோதனைக்குழாய் முறை பலருக்குக் கைகொடுக்கிறது. இளம் தம்பதிகள் இதைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பதே முறை.

இன்னொரு டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்டால் இவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள். நல்ல சர்ஜன் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். விருத்தாசலத்திலிருந்து ஜிப்மருக்கு இரண்டு, மூன்று மணி நேரப் பயணம்தானே!

அவசரம் ஏன் கூடாது?

மண் உவமைக்கே வருவோம். சீழ் பிடித்து வீங்கிய சதையில் தைத்தால் தையல் நிற்காது. வயிற்றைத் திறந்த சில மாதங்களுக்கு உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று கெட்டியாக ஒட்டிக்கிடக்கும். அப்போது கை வைத்தால் குடல் கிழியும். அதனால் கடைசியாக வயிறு திறந்ததிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் விட்டே மறு ஆபரேஷன் செய்ய விரும்புகிறார்கள்.

வழக்கமான ஏற்பாடு மூன்று கட்டம். முதலில் தற்காலிக வெளிப்பை வைத்து உள்பைக்கு ஓய்வு கொடுத்து, சீழை ஆறவிடுவது. சில மாதம் கழித்து முக்கிய ஆபரேஷன். பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மருந்து நீர் எக்ஸ்ரேயில் கசிவு இல்லை என்று உறுதியான பிறகு வெளிப்பையை மூடுவது. ஆக, கிட்டத்தட்ட ஒரு வருடம். பிள்ளைகளின் பரீட்சை, லீவு, பணம், கூட இருக்கப்போவது யார் என்று எல்லாம் இதற்கேற்பத் திட்டமிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோ வேறு இன்ஷூரன்ஸோ இருந்தால், மூன்று கட்டத்துக்கும் அனுமதி கிடைக்குமா என்று முதல் கட்டத்துக்கு முன்பே கேளுங்கள்.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். ரத்தசோகையைச் சரிசெய்யுங்கள். முட்டை, மீன், பருப்பு, பால் என்று புரதம் ஏறட்டும். பீடி, சிகரெட்டை அடியோடு நிறுத்துங்கள். புகை தையலை ஆறவிடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நீங்களாக நிறுத்தினால் ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு...

இனிமேல்தான் குடும்பத்தாரின் வேலை. வெளிப்பை இருக்கும் மாதங்களில் மிக முக்கியமான விஷயம் உப்பும் தண்ணீரும். உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சுகிற பெருங்குடல்தான் இல்லையே! வெளிப்பையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குள் வந்தால் நல்லது. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பு வற்றிப்போகும். அதனால் அளவு ஜாடி ஒன்று வாங்கி, முதல் சில வாரங்கள் அளந்து நோட்டில் எழுதுங்கள்.

‘தாகமா இருக்கு, சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறேன்’ என்பது இங்கே பலிக்காது. வெறும் தண்ணீர் அதிகமானால் உடம்பிலிருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறிவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் சரி. 1971-ல் வங்க அகதி முகாமில் காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை டாக்டர் திலீப் மஹலானபிஸ் காப்பாற்றியது இதே கரைசலால்தான். மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும். அவசரத்துக்கு வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட கஞ்சி, உப்பு மோர் எல்லாம் நல்லது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பாதீர்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விருத்தாசலம் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! கத்திரி வெயிலில் வீட்டில் சும்மா இருக்கிறவருக்கே நாக்கு வறளும். சூளை வேலைக்காரர்கள் வெளிப்பை இருக்கும் வரை சூளைப் பக்கம் போகாமல், கணக்கு, பேக்கிங் என்று நிழலில் செய்யும் வேலையாகக் கேட்டு வாங்குங்கள். களிமண் மூட்டை தூக்கும் வேலை ஆறு முதல் எட்டு வாரத்துக்குக் கூடவே கூடாது. மீறித் தூக்கினால் குடலிறக்கம் வந்து நிற்கும். தண்ணீர்க் குடத்துக்கும் இதே சட்டம்தான், தாய்மார்களே!

சாப்பாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. குழைந்த சாதம், தயிர், ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, இட்லி ஆகியவை மலத்தைக் கெட்டியாக்கும். முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, வேர்க்கடலை, சோளம், பலாச்சுளை, காளான், தேங்காய்த் துருவல் ஆகியவை வெளிப்பை வாயில் அடைத்துக்கொள்ளும். முதல் ஒன்றரை, இரண்டு மாதம் ஒதுக்கிவையுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக, நன்றாக மென்று, ருசி பார்க்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் சில சமயம் முழுசாகவே பைக்குள் வந்துவிடும். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெளிப்பையை மூடியதும்

இங்கேதான் நிறையப் பேர் மனம் உடைந்துபோகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்தால், ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை ஓட வேண்டியிருக்கும். ‘இதுவும் தோத்துப்போச்சோ?’ என்று பயம் பிடித்துக்கொள்ளும். இல்லை! உள்பை விரிந்து கொடுத்துப் பழக மாதங்கள் ஆகும். ஒரு வருடத்துக்குள் மெல்ல மெல்லக் குறையும். முதல் தடவை உள்பை வைத்தவர்களைவிட ஓரிரு தடவை கூடுதலாகவே நிற்கலாம். ராத்திரியில் லேசாகக் கசிவதும் உண்டு. பேட் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. மலத்தைக் கட்டும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் மட்டும் சாப்பிடுங்கள்.

ஆசனவாய் எரிச்சல் பெரிய தொல்லை. சிறுகுடலிலிருந்து வரும் மலம் தோலை அரிக்கும். நம் ஊர்ப் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது: தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். துத்தநாகக் களிம்பு தடவுங்கள். மிளகாயைக் குறையுங்கள். உள்ளே போகும்போது எரிந்தது, வெளியே வரும்போதும் எரியும்!

ஆசனவாய்த் தசையைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை டாக்டர் அனுமதித்ததும் தினம் செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபின், பி-12, டி வைட்டமின் அளவுகளைப் பாருங்கள். பி-12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். பை செய்யச் செலவானதும் அதே பகுதிதான்.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டியவை

குளிர் காய்ச்சல்; வயிறு உப்பி வாந்தி; பல மணி நேரமாக வெளிப்பையில் ஒன்றுமே வராமலிருப்பது; சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாவது, தலைசுற்றல்; கீழே சீழோ ரத்தமோ வடிவது; ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் ‘காலைல பாத்துக்கலாம்’ என்று இருக்காதீர்கள். உடம்பு வற்றியிருந்தால் ஆபரேஷன் செய்த ஊர் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்டு பிறகு புறப்படலாம். ஃபைலை மறக்காதீர்கள்!

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நோயாளியிடம் ‘இன்னிக்கு எத்தனை தடவை?’ என்று சபையில் கேட்காதீர்கள். விருந்தாளி வந்திருக்கும்போது டாய்லெட்டை அவருக்கு முதலில் விட்டுக்கொடுங்கள். கல்யாண வீட்டுக்கு வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வருகிறேன் என்றால் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்து வையுங்கள். எப்போதும் சோர்ந்து, யாரோடும் பேசாமல் இருந்தால் மனநல டாக்டரைப் பார்ப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

முக்கியமாக, முடிவை அவர் எடுக்கட்டும். ‘நாங்க சொல்றோம், பண்ணிக்கோ’ என்று அனுப்பிவைத்த ஆபரேஷன் தோற்றால் அதைத் தாங்குவது ரொம்பக் கஷ்டம். காரணம் தெரிந்து, கேள்வி கேட்டு, யோசித்துத் தானே எடுத்த முடிவு எதுவானாலும் அதோடு ஒருவர் நிம்மதியாக வாழ முடியும். அந்த முடிவு மறு ஆபரேஷனாக இருக்கலாம், வெளிப்பையாக இருக்கலாம். எதுவானாலும் அவர் தட்டில் உப்புப் போட்ட கஞ்சியை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பாதி உடம்பு அதிலேயே தேறிவிடும்!